புரட்டாசியில் எங்கள் கொல்லை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணி முடியும்போதே எங்கள் வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து நாத்தனார், புதுச்சேரியிலிருந்து தம்பி வீட்டார், என்னோடு படித்தவர்கள் என்று காலாண்டு விடுமுறைக்கு வர நினைக்கிற எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வந்து போனவர்களும் ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து இன்னும் சில சந்தேகங்களோடு கூப்பிடுவார்கள். அவர்கள் கேட்டது கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். நாங்கள் இருப்பது பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவில், செம்மண் பூமியில். இரண்டு காணி நிலம், அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல். முந்திரி, நாலு பலா, வரப்போரம் பனை, ஒரு பசுவும் கன்றும், பத்துப் பன்னிரண்டு கோழி. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேர்.

"அண்ணி, புரட்டாசியில வந்தா என்ன இருக்கும்? பலாப்பழம் கிடையாது, முந்திரி கிடையாது, பொங்கலும் இல்லையே?"

முதலில் வரும் கேள்வி எப்போதும் இதுதான். முந்திரி பங்குனியில் தொடங்கி வைகாசியில் முடிந்துவிடும். பலா ஆடியோடு சரி. அதனால் ஊருக்கு வருகிறவர்கள் சித்திரையில் வருவார்கள், இல்லையென்றால் தையில் வருவார்கள். நடுவில் இருக்கும் இந்த மாதத்தை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், கொல்லையில் இருக்க இதைவிட நல்ல மாதம் இல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நேரம் இது. பனம்பழம் தானாக விழும். சீத்தாப்பழம் கண் திறக்கும். ஆடியில் போட்ட வெண்டையும் பீர்க்கும் கொத்தவரையும் தினம் ஒரு கூடை காய்க்கும். சாயங்காலம் இடி இடித்து மழை வரும், காலையில் மறுபடி வெயில் வரும். மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து பேச நேரமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது இந்த ஒரு மாதத்தில்தான்.

"கொல்லைன்னா வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடம்தானே?"

வேறு ஊர்களில் அப்படித்தான். கடலூர், பண்ருட்டிப் பக்கம் கொல்லை என்றால் புன்செய் நிலம். முந்திரிக் கொல்லை, சவுக்குக் கொல்லை, மல்லாட்டைக் கொல்லை என்போம். "கொல்லைக்குப் போறேன்" என்று யாராவது கிளம்பினால் வேலைக்குப் போகிறார் என்று பொருள். நாங்கள் கொல்லையிலேயே வீடு கட்டிக்கொண்டிருப்பதால் அது கொல்லை வீடு.

"வெயில் மண்டையைப் பிளக்குது. இதையா மழைக்காலம் வரப்போற மாசம்னு சொல்றீங்க?"

"புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்பது பழமொழி. இரண்டுமே உண்மை, சில நாள் ஒரே நாளில் இரண்டும் நடக்கும். பகலில் சித்திரை போல அடிக்கும். மூன்று மணிக்கு மேல் மேற்கே கருக்கும். ஆறு ஏழு மணிக்கு இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். கடற்கரை ஓரத்தில் நம் மாவட்டத்துக்கு இந்த மாதம் வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடிமழைதான்.

அடைமழை என்பது வேறு. அது வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில், ஐப்பசி பிறந்த கையோடு தொடங்கும். வித்தியாசத்தைக் காற்றே சொல்லிவிடும். ஆடியில் மேற்கிலிருந்து அடித்த காற்று புரட்டாசியில் ஓய்ந்துபோகும், இலை கூட அசையாது, புழுக்கம் தாங்காது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் வடகிழக்கிலிருந்து லேசாக, ஈரமாக ஒரு காற்று வரும். அன்றைக்கு மாமியார் வெளியில் காய்கிற வரட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்? நாள் எப்படிப் போகும்?"

எழுந்திருக்க யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நாங்கள் ஐந்து மணிக்கு எழுந்து பால் கறப்போம். ராத்திரி மழை பெய்திருந்தால் செம்மண் வாசனை அப்போதும் இருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆறு மணிக்கு வெளிச்சம் வந்ததும் காய் பறிக்கப் போவோம். வெண்டையை ஒரு நாள் விட்டால் முற்றிவிடும், அதனால் அது தினசரி வேலை. ஒன்பது மணிக்குக் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது, வீட்டு வேலைதான்.

மதியம் தூக்கம். நாலு மணிக்கு மறுபடி கொல்லை. செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகும். ஆவணியில் ஆறரை மணிக்கு இறங்கிய சூரியன் ஐப்பசி பிறக்கும்போது ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடும். ஒவ்வொரு வாரமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது இங்கே இருந்தால் நன்றாகத் தெரியும். மாடு அதை நம்மைவிட முன்னால் தெரிந்துகொண்டு வீட்டுப்பக்கம் திரும்பி நிற்கும்.

"மல்லாட்டை முத்திடுச்சான்னு மண்ணுக்குள்ள இருக்கிறதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மணிலாக் கொட்டை என்பதுதான் இந்தப் பக்கம் மல்லாட்டை ஆனது. ஆடிக்கு முன்பே மானாவாரியாக விதைத்தது 100, 105 நாளில் பிடுங்கும் பக்குவத்துக்கு வரும். நாளை மட்டும் நம்பக் கூடாது. அடி இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும் கொல்லையில் நாலு இடத்தில் ஒவ்வொரு செடி பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் இளசு. பழுப்பும் கருப்புமாகத் திட்டு விழுந்திருந்தால் முற்றியது. பத்துக் காயில் ஏழெட்டு அப்படி இருந்தால் ஆள் சொல்லிவிடலாம்.

இதில் புரட்டாசி மழை நண்பனும் எதிரியும். மண் காய்ந்து இறுகினால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் பிடுங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மழை வேண்டும். ஆனால் முற்றிய பிறகு மழை தொடர்ந்து பெய்தால் கொத்து ரகத்துக் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அந்த ரகங்களின் விதைக்கு உறக்கக் காலம் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன், பிடுங்கிய செடியை ஈரத்தோடு குவித்து மூடிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் போரின் உள்ளே சூடேறிப் பாதிக்குப் பாதி முளை விட்டிருந்தது. அதிலிருந்து காயை மேலே பார்த்துத் திருப்பிப் போட்டுக் காயவைக்காமல் நாங்கள் எங்கேயும் நகர்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலையைக் கழுவிக் காயவைத்துச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அந்தப் பூசணத்தின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. மாட்டுக்கும் கோழிக்கும்கூட வேண்டாம்.

"நீங்க அவிச்சா உப்பு ஏறியிருக்கு. நாங்க அவிச்சா சப்புன்னு இருக்கே, ஏன்?"

வெந்ததும் தண்ணீரை வடித்துவிடுகிறீர்கள், அதனால்தான். உப்பு ஏறுவது வேகும்போது இல்லை, வெந்த பிறகு ஊறும்போது. கழுவிய பச்சைக் காயைத் தாராளமாக உப்புப் போட்டு அவித்து, அடுப்பை அணைத்துவிட்டு அதே தண்ணீரில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பறித்த அன்றே அவிக்க வேண்டும். காய்ந்த காயை வாங்கி அவித்தால் இந்த ருசி வராது. மழை பெய்யும்போது முறத்தில் கொட்டி நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தால், மழை நிற்பதற்குள் முறம் காலியாகிவிடும்.

"வரப்புல ஏதோ பழுத்து வாசனை வருதே, அது என்ன? சாப்பிடலாமா?"

பனம்பழம். ஆவணி, புரட்டாசியில் ராத்திரியில் "தொப்" என்று விழும் சத்தம் கேட்கும். முதல் தடவை வந்தவர்கள் திருடன் என்று பயந்திருக்கிறார்கள். காலையில் மாடு மோப்பம் பிடித்துப் போவதற்குள் நாம் போய் எடுக்க வேண்டும். அப்படியே சாப்பிட்டால் சிலருக்குக் கசப்புத் தட்டும். விறகுத் தணலில் போட்டுத் தோல் கருகும் வரை சுட்டு, தோலை உரித்துவிட்டு நாரோடு சேர்த்துச் சப்ப வேண்டும். கையும் வாயும் மஞ்சளாகிவிடும், பல்லில் நார் மாட்டும். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த விஷயம் இங்கே வேறு இல்லை. துணியில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

"சப்பிப் போட்ட கொட்டையை எல்லாம் எதுக்கு எண்ணி எண்ணிப் புதைக்கிறீங்க?"

பனங்கிழங்குக்கு. ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். மண்ணை ஒன்றரை அடி உயரத்துக்குப் பொலபொலவென்று மேடாகக் கூட்டி, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண்ணும் கொஞ்சம் ஓலையும் போட்டு மூடிவிடுவோம். முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும், அதனால்தான் மேடு வேண்டும். கெட்டித் தரையில் புதைத்தால் கிழங்கு குட்டையாகக் கோணிப்போகும். இந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடத் தேவையில்லை, ஐப்பசி மழை போதும்.

மூன்று நாலு மாதம் கழித்து, பொங்கலுக்குத் தோண்டி மஞ்சளும் உப்பும் போட்டு அவிப்போம். கிழங்கு எடுத்த பிறகு கொட்டையைக் கத்தியால் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று இருக்கும். பூரான் என்பார்கள், தவுன் என்றும் சொல்வார்கள். லேசான இனிப்பு. என் ஆயா அதை எடுத்துத் தன் வாயில் போட்டு நான் பார்த்ததே இல்லை, எல்லாம் பேரப் பிள்ளைகளுக்குத்தான். இப்போது நீங்கள் சப்பிப் போட்ட பழத்தின் கிழங்கைத் தின்ன நீங்களேதான் தையில் வர வேண்டும் என்று தம்பி பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பாத்தி, பெயர் எழுதிக் குச்சி நட்டிருக்கிறது.

"சீத்தாப்பழம் பறிச்சிட்டு வந்தோமே, பழுக்காம கல்லு மாதிரி கருத்துப்போச்சு. ஏன்?"

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, காயாகப் பறித்திருப்பீர்கள். சீத்தாவில் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் அகன்று, வெண்மஞ்சளாக மாறிய பிறகு பறித்தால்தான் பழுக்கும். பளபளப்பான பச்சையாகக் கண்கள் நெருங்கி இருந்தால் தொடக்கூடாது. மற்றது, பிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். பழுக்காத சீத்தாவைக் குளிரில் வைத்தால் தோல் கருத்து அப்படியே நின்றுவிடும். அரிசிப் பானைக்குள் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் தொட்டால் அமுங்கும்.

விதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பேனுக்கு நல்லது என்று சீத்தா விதையை அரைத்துத் தலையில் தேய்க்கும் பழக்கம் இங்கே உண்டு. அது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். குழந்தைகள் தலையில் போடவே வேண்டாம்.

"அக்கா, ஆடியில போட்ட அவரை பந்தல் முழுக்க ஏறிடுச்சு, ஒரு பூ கூட இல்ல. விதை கெட்டதா?"

விதை நல்ல விதை. நாட்டுப் பந்தல் அவரை பகல் சுருங்கினால்தான் பூக்கும். மேலே சொன்னேனே, சாயங்காலம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று, அது அவரைக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் காய்த்துத் தள்ளும். புரட்டாசியில் பூக்கவில்லை என்று உரத்தை அள்ளிப் போட்டால் கொடி இன்னும் தழைக்குமே தவிரப் பூக்காது. சும்மா விடுங்கள். எல்லாப் பருவத்திலும் காய்க்க வேண்டும் என்றால் பந்தல் இல்லாத செடி அவரை போடலாம். ருசி நாட்டு அவரைக்குத்தான்.

கத்திரிக்கு இந்தக் கவலை இல்லை. நாங்கள் போடுவது பாலூர் 1. பக்கத்திலேயே இருக்கும் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்து ரகம். நம் மண்ணிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பற்று.

"கோழி முட்டையை நிறுத்திடுச்சு, இறகெல்லாம் கொட்டுது. நோயா?"

பெரும்பாலும் நோய் இல்லை. பகல் குறைய ஆரம்பிக்கும்போது பழைய இறகைக் கொட்டிப் புது இறகு போடும், அந்தச் சமயம் முட்டை நின்றுபோகும். கோழி சுறுசுறுப்பாகக் கிளறிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை வேண்டாம். கரையான், கருவாட்டுத் தூள், கடலைப் பிண்ணாக்கு என்று சத்துள்ளதாகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சீக்கிரம் தேறும்.

கழுத்து திருகுவது, இறக்கை தொங்குவது, வெள்ளையும் பச்சையுமாகக் கழிவது இருந்தால் அது வெள்ளைக்கழிச்சல். அன்றே தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும். வந்த பிறகு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டும்தான். மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

"புரட்டாசியில கறி கிடையாதாமே. அப்ப நாங்க வந்தா சாப்பாடு?"

எங்கள் வீட்டில் மாதம் முழுக்கச் சைவம். பக்கத்து வீட்டில் சனிக்கிழமை மட்டும். அவரவர் வழக்கம். ஆனால் சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டோம். கொத்தவரை பொரியல், பீர்க்கங்காய்க் கூட்டு, பீர்க்கந்தோல் துவையல், பச்சை மல்லாட்டையை உரித்துப் போட்ட காரக்குழம்பு. இந்தக் குழம்பு வருஷத்தில் இந்த மூன்று வாரம்தான் கிடைக்கும். கறியைத் தேடிய யாரும் இதுவரை இரண்டாம் நாள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சனிக்கிழமை வந்தால் படையல். பெருமாளுக்குத் தளிகை போட்டு மாவிளக்கு ஏற்றுவோம். காலையில் பிள்ளைகள் நெற்றியில் நாமம் போட்டு, சொம்புக்கும் நாமம் போட்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்று வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வருவார்கள். ஐந்து வீட்டு அரிசி சேர்ந்து வெந்த சோற்றுக்கு ஒரு தனி ருசி இருக்கிறது என்று மாமியார் சொல்வார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போக நினைத்தால் சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போய்விட்டுக் கெடிலம் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

"கொலு வைப்பீங்களா?"

சின்னதாக மூன்று படி. பொம்மை வாங்கத் தூரம் போக வேண்டியதில்லை. பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் செய்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றே ஒன்று வாங்குவோம். ஆயுத பூஜை அன்று களைக்கொத்து, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்போம். மோட்டார் கொட்டகைக்கும் ஒரு மாலை உண்டு.

"கேஸ் இருக்கும்போது எதுக்கு இவ்வளவு விறகும் வரட்டியும்?"

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. அந்த ஒரு காலையில் எங்கள் கொல்லையில் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. வழியெல்லாம் மரம் கிடந்தது. பல நாள் கரண்டும் வரவில்லை, கேஸ் வண்டியும் வரவில்லை. பரணில் இருந்த வரட்டியும் காய்ந்த சவுக்கு விறகும்தான் எங்களுக்கும் அக்கம்பக்கத்தார் மூன்று வீட்டுக்கும் கஞ்சி காய்ச்சியது. அதற்குப் பிறகு புரட்டாசி வெயிலை நாங்கள் வீணாக்குவதில்லை. வரட்டி, விறகு, வற்றல், வடகம், புளி, மிளகாய் எல்லாவற்றுக்கும் அடைமழைக்கு முன் கடைசி நல்ல வெயில் இதுதான்.

முந்திரித் தோலை மட்டும் வீட்டு அடுப்பில் எரிக்காதீர்கள். நன்றாக எரியும் என்று சிலர் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அதில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும், புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

"மாட்டுக் கொட்டகைக்கு ஷீட் போட்டுடலாமே, எதுக்கு வருஷா வருஷம் சோகை?"

சோகை என்பது கரும்பின் காய்ந்த இலை. நெல்லிக்குப்பம் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது, அடியில் குளுகுளு என்று இருக்கிறது, மாடு இளைப்பதில்லை. புயலில் ஷீட் பறந்தால் கழுத்தை அறுக்கும், சோகை பறந்தால் சோகைதான். செலவும் வேலையும் உண்டு என்பது உண்மை. எங்களுக்குச் சோகை.

"முந்திரி இப்ப சும்மாதானே நிக்குது? அதுக்கு என்ன வேலை?"

இப்போது செய்யும் வேலைதான் பங்குனியில் காயாக வரும். காய்ந்த கிளையும் ஒன்றோடு ஒன்று உரசும் கிளையும் வெட்ட வேண்டும். அடியில் களை எடுக்க வேண்டும், உதிர்ந்த இலையை எரிக்காமல் அங்கேயே மூடாக்காக விட வேண்டும். தூரைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பது முக்கியம். பட்டையில் பிசின் வடிந்து மரத்தூள் கொட்டியிருந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. இப்போதே பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட்டால் மரம் பிழைக்கும்.

தானேயில் போன மரங்களுக்குப் பதிலாக ஒட்டுக்கன்று வைத்தோம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரகம். மூன்றாம் வருஷத்திலிருந்து காய்க்கத் தொடங்கியது. தாத்தா வைத்த மரங்களின் நிழல் மட்டும் இன்னும் வரவில்லை. ஒட்டுக்கன்று வைக்க நினைக்கிறவர்கள் குழியை இப்போதே எடுத்து ஆறப்போட்டு, முதல் அடைமழையில் நடுங்கள்.

"மழை பெஞ்சதும் விளக்கைச் சுத்திப் பறக்குதே, அதைப் பிடிச்சுச் சாப்பிடுவீங்களாமே, நிஜமா?"

நிஜம்தான். ஈசல். புற்றிலிருந்து கிளம்பும்போது ஒரு விளக்கை வைத்து அதன் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் விழும். இறக்கையைப் புடைத்துவிட்டு, வெறும் சட்டியில் வறுத்து, பொரி அரிசியோடு கலந்தால் நெய் வாசனை வரும். இறால் சாப்பிட்டு ஒவ்வாமை வருகிறவர்கள் தொட வேண்டாம், இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மற்றவர்கள் ஒரு பிடி சாப்பிட்டுப் பார்க்கலாம். புரட்டாசி விரதக்காரர்கள் சும்மா வேடிக்கை பார்க்கலாம்.

"இடி இடிச்ச மறுநாள் புத்து ஓரம் வெள்ளையா காளான் முளைச்சிருந்தது. பறிச்சிருக்கலாமா?"

இதற்கு மட்டும் நான் கண்டிப்பாகப் பதில் சொல்வேன்: நீங்களாகப் பறிக்காதீர்கள். புற்றுக்காளான் அருமையான உணவு, உண்மை. ஆனால் அதே மழைக்கு அதே வெள்ளையில் நஞ்சுக் காளானும் முளைக்கும். மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக் காசு கருக்கும், அரிசி சிவக்கும் என்பதெல்லாம் நம்பக்கூடிய சோதனை இல்லை. கொடிய காளானின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆறேழு மணி நேரம் கழித்தே தொடங்கலாம், அதற்குள் உள்ளே ஈரல் பாதிக்கப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் மாமியார் கையால் பறித்தது மட்டும்தான் சட்டிக்குப் போகும். அவருக்கும் சந்தேகம் வந்தால் அது மண்ணுக்குப் போகும்.

"பாம்பு வருமா? ராத்திரி தரையில படுக்கலாமா?"

வரும். மழை பெய்து பொந்தில் தண்ணீர் இறங்கினால் மேட்டுக்குத்தான் வர வேண்டும், வீடு மேட்டில் இருக்கிறது. பயப்படுவதைவிட நாலு பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். மல்லாட்டை மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், அதனால் படுக்கும் அறையில் மூட்டை கூடாது. தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்த வலியே தெரியாமல் போகலாம். கட்டிலில் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால் அதற்கும் கொசுவுக்கும் சேர்த்துக் காவல்.

கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரத்துக்கு நேரம் போக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து அங்கே இருக்கிறது.

"பசங்களுக்கு டவர் கிடைக்கலைன்னா என்ன பண்றது?"

ஓரளவு கிடைக்கும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து கேட்க மாட்டார்கள். சாயங்காலம் தும்பி கூட்டம் கூட்டமாகத் தாழப் பறக்கும். செப்டம்பரில் நீலவால் பஞ்சுருட்டான் வந்துவிடும். கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, எழுந்து ஒரு பூச்சியைப் பிடித்து, அதே இடத்துக்குத் திரும்பும். தம்பி மகள் போன வருஷம் ஒரே பறவை எத்தனை பூச்சி பிடித்தது என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டு ஏறினால் மழை என்று சொல்லிக் கொடுத்தேன், அன்றிலிருந்து எறும்பைத் தேடுவதே வேலை.

"இப்படியே ஒரு இடம் வாங்கிட்டு வந்துடலாம்னு இருக்கோம். புரட்டாசியில வந்து பார்த்தா சரியா இருக்குமா?"

வாழ்வதற்கு நல்ல மாதம், வாங்குவதற்கு இந்த மாதம் மட்டும் போதாது. இப்போது எந்த நிலமும் அழகாக இருக்கும். பச்சையும் இருக்கும், வழியும் காய்ந்திருக்கும். அதே நிலத்தைக் கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் பாருங்கள். 2015 நவம்பர், டிசம்பரில் இந்த மாவட்டம் தண்ணீரில் கிடந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி வந்தது. ஆற்றையோ ஏரி வடிகாலையோ ஒட்டிய இடம் என்றால், அந்த இரண்டு வருஷமும் தண்ணீர் எது வரை வந்தது என்று தரகரைக் கேட்காதீர்கள். பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேளுங்கள், சுவரைக் காட்டிச் சொல்வார். அப்புறம் சித்திரையில் ஒரு தடவை வந்து ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

"சரி, எப்ப வரட்டும்? என்ன கொண்டு வரணும்?"

மல்லாட்டை வேண்டும் என்றால் புரட்டாசி முதல் இரண்டு வாரம். படையல் வேண்டும் என்றால் எந்தச் சனிக்கிழமையும். பனம்பழம் ஐப்பசி பிறப்பதற்குள் முடிந்துவிடும். பழைய சட்டை, டார்ச், செருப்பு போதும், பலகாரம் வேண்டாம். பண்ருட்டியில் பஸ் ஏறும்போது ஒரு போன் போடுங்கள், சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர், வண்டி அனுப்புகிறோம். மேற்கே கருத்திருந்தால் மட்டும் கடைவாசலிலேயே நில்லுங்கள், மழை விட்டதும் வருகிறோம்.